கனி இறக்கி வைத்த பாரம்

வாங்க ஐயரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி இதுல உக்காருங்க. நீங்க எதுக்கு வந்திருக்கியன்னு எனக்குத் தெரியும். ஐயர் அனுப்பியிருப்பாவ. இந்தச் சபைக்கு வந்து நாலே மாசத்துல, ஒருத்தி ராப்போஜனத்துல அப்பமும் ரசமும் வாங்க முழங்கால் போட வரலைங்கிறதைக் கவனிச்சிருக்காவன்னா அவிய நல்ல மேய்ப்பர்தான். முன்ன இருந்தவிய, பெஞ்சுல ஆள் இருந்தாப் போதும்னு இருந்தாவ.

பெனிட்டா, ஐயரம்மாவுக்குக் காப்பி போடு. சீனி கொஞ்சமா. அது என் மருமவ. நல்ல பிள்ளைதான். அவ அடுப்படிக்குப் போகட்டும், அப்புறம் சொல்லுதேன்.

யார்மேலயாவது மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு அந்தப் பந்திக்கு வரக்கூடாதுன்னுதானே நமக்குச் சொல்லியிருக்கு? நான் அதை மதிக்கிறவ. அதனாலதான் வரல. மத்தபடி நான் மனசுல வச்சுக்கிறவ இல்ல ஐயரம்மா. இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. பாக்கியமணி இன்னைக்குச் சண்டை போட்டா நாளைக்கு மறந்துருவான்னுதான் சொல்லுவாவ. ஆனா இது வேற. நீங்களே கேட்டுட்டு, யார் மேல தப்புன்னு சொல்லுங்க.

பாடகர் குழுவுல முன்வரிசையில நிப்பாளே, வெள்ளைச் சேலை, தங்க ஃபிரேம் கண்ணாடி, அற்புதக்கனி. உங்களுக்கு வந்த முதல் நாளே மீன்குழம்பு கொண்டாந்து தந்திருப்பா. தந்தாளா? பாத்தியளா. அவளேதான். நானும் அவளும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவிய. அவ வீடு இங்க இருந்து நாலாவது. என் வீட்டுல உப்பு இல்லைன்னா அவ வீட்டு உப்பு. அவ மகளுக்குத் தலைவாரி விட்டது நான். கூடப் பிறந்தவகிட்டச் சொல்லாததையெல்லாம் அவகிட்டச் சொல்லியிருக்கேன்.

இப்ப முப்பது வருஷத்துக்கு முன்னால நடந்ததைச் சொல்லுதேன். என் மவன் ஐசக்குக்கு அப்ப மூணு வயசு. அவன் அப்பா பம்பாயில வேலை. நான் இங்க பிள்ளையோட தனியா. ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்கு நான்தான் தலைவி, நூத்திப்பத்துப் பிள்ளைய. அந்த வருஷம் தை மாசம், இவன் சாப்பாட்டை நிறுத்திட்டான். பதினோரு நாள். பால் கொடுத்தா வாந்தி, கஞ்சி கொடுத்தா வாந்தி. டாக்டர் ரெண்டு மருந்து எழுதித் தந்தாவ, நிக்கல. பிள்ளை கயிறு மாதிரி ஆயிட்டான். நான் ஜெபம் பண்ணாத நேரம் கிடையாது. பஸ் ஸ்டாப்புல ஒரு பொம்பள பாத்துட்டு, 'இது கண்ணுபட்டதும்மா, பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் மந்திரிக்காரு, ஒரு தடவை காட்டிட்டு வா'ன்னா. எனக்கு அந்நேரம் என்ன தோணும், சொல்லுங்க. உங்களுக்கும் கைப்பிள்ளை இருக்கு. போனேன். அவரு திருநீறு போட்டு, இடுப்புல ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டாரு. அவ்வளவுதான். ஒரு சாமியை நான் கும்பிடல, ஒரு தீபத்தை நான் தொடல.

மூணாம் நாள் பிள்ளை ரெண்டு இட்லி தின்னான். அது டாக்டர் மருந்துதான். அப்படித்தான் நான் பிறகு சபையிலயும் சொன்னேன்.

இது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு கனி. போய்ட்டு வந்த அன்னைக்கே அவகிட்டச் சொல்லி அழுதேன். 'பெத்தவளுக்குத்தான் தெரியும் அந்தத் துடிப்பு, கர்த்தர் மன்னிப்பாரு, நீ அழாதளா'ன்னு தலையைத் தடவிக் கொடுத்தா. இன்னொண்ணு என் மதினி தங்கபாய். என் வீட்டுக்காரருக்கு அக்கா. அடுத்த தெருதான். பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தவ கயித்தைப் பாத்துட்டா. பாத்துட்டு, டவுசரை இழுத்து அதுக்கு மேல மூடிவிட்டா. ஒரு வார்த்தை கேக்கல.

அடுத்த சனிக்கிழமை கமிட்டியில கூப்பிட்டாவ. ஏழு ஆம்பளைய உக்காந்திருக்காவ. அப்ப இருந்த ஐயர் ரொம்பக் கண்டிப்பு. 'பிள்ளையைத் தூக்கிட்டு மந்திரிக்கப் போனது உண்டா?'ன்னு கேட்டாவ. உண்டுன்னு சொன்னேன். பொய் சொல்லத் தெரியாது எனக்கு. ஓய்வுநாள் பள்ளியை எடுத்துட்டாவ. ஒரு வருஷம் ராப்போஜனம் இல்ல, கடைசிப் பெஞ்சு. வருஷம் முடிஞ்சதும் எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லணும். அந்த நூத்திப்பத்துப் பிள்ளையளும் திரும்பித் திரும்பி என்னைப் பாக்குதுவ ஐயரம்மா. நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைய.

யார் சொல்லியிருப்பா? ரெண்டு பேர்ல யாரு? கனி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. என்னைவிட அவதான் அதிகமா அழுதா. 'உன் வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருந்தா நீ என்னளா செய்வ'ன்னா. பேரைச் சொல்லல பாருங்க. பேரைச் சொல்லாமலே சொல்லிட்டா. ஓய்வுநாள் பள்ளியை அவகிட்டக் கொடுத்தாவ. 'உனக்காகத்தான் ஏத்துக்கிறேன், நீ திரும்பி வரும்போது தந்துருவேன்'னா. வருஷம் முடிஞ்சு நான் வந்தேன். அவ தரல. நானும் கேக்கல. அதுல எனக்கு வருத்தம் கிடையாது.

மதினி மூணு தடவை வீட்டுக்கு வந்தா. மூணாவது தடவை வாசல்ல நின்னு, 'பாக்கியம், என் மவ மேல ஆணையாச் சொல்லுதேன், நான் சொல்லல'ன்னா. நான் கதவைச் சாத்தினேன். அதுக்கப்புறம் அவ வரல. நான் போகல. இருபத்திநாலு வருஷம் ஐயரம்மா. ஒரே கோயில், ஒரே தண்ணிக் குழாய். அவ தெருவுல எதிர்ல வந்தா நான் இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தா அவிய மட்டும் அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வருவாவ. நான் தடுத்ததே இல்ல. எங்க போனியன்னுகூடக் கேட்டதில்ல.

அவ மவ பியூலாவுக்கு ஒரு நல்ல இடம் வந்துது. பையன் கப்பல்ல வேலை. அந்தப் பையனோட அம்மா எனக்குப் பழக்கம், வீடு எப்படின்னு வந்து விசாரிச்சாவ. 'பிள்ளை நல்ல பிள்ளை, ஆனா அந்த வீட்டுல ஒரு விஷயம் தங்காது, வாசலுக்கு வந்துரும்'னு சொன்னேன். கேட்டாவ, உள்ளதைச் சொன்னேன். அந்த இடம் அப்படியே விட்டுப்போச்சு. பியூலாவுக்கு முப்பத்திரண்டு வயசுலதான் கல்யாணம் ஆச்சு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும், அவ நேரம் அப்படி.

ஆறு வருஷத்துக்கு முன்னால மதினிக்கு வயித்துல கட்டி வந்துது. கடைசி நாள்ல, பாக்கியத்தைப் பாக்கணும்னு சொல்லி அனுப்பினா. நான் போகல. சாகும்போது மன்னிப்புக் கேட்டுட்டு நிம்மதியாப் போயிரலாம்னு பாக்கான்னு நினைச்சேன். அடக்கத்துக்கும் போகல. கனிகிட்டத்தான் கேட்டேன், 'போகட்டுமாளா?'ன்னு. 'உன் இஷ்டம்'னா. அவ மட்டும் போனா. கல்லறைத் தோட்டத்துல பாட்டையும் அவதான் எடுத்துக் கொடுத்தாளாம். எப்படி வாய் வந்துது அவளுக்கு? நீங்களே சொல்லுங்க, எப்படிப் பாட வந்துது?

காப்பி எடுத்துக்கோங்க. பெனிட்டா, மாடியில துணி காயுது பாரு. போயிட்டாளா? சரி.

போன வருஷம் ஈஸ்டருக்கு முன்ன லெந்து நாள்ல பள்ளிக்கூட மைதானத்துல மூணு நாள் கூட்டம் போட்டாவ. நீங்க அப்ப வரல. வெளியூர்ல இருந்து ஒரு ஊழியக்காரர். நியாயத்தீர்ப்பைப் பத்தித்தான் மூணு நாளும். அவரு என்ன சொன்னாருன்னா, அன்னைக்கு வானத்துல ஒரு வெள்ளைத் திரை கட்டியிருக்கும், நாம ஒவ்வொருத்தரும் பிறந்ததுல இருந்து பண்ணினதெல்லாம் அதுல படமா ஓடும், பெத்த பிள்ளை, கட்டின புருஷன், பக்கத்து வீட்டுக்காரன் எல்லாரும் உக்காந்து பாப்பாவ. 'இங்கேயே யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லி மன்னிப்பு வாங்கிருங்க, அந்தப் படத்துண்டை ஆண்டவர் வெட்டி எடுத்துருவாரு'ன்னாரு. மைதானமே அழுதுது. எனக்குக்கூட ஒரு நிமிஷம் திக்குன்னு இருந்துது. ஆனா எனக்கு என்ன இருக்கு, என்னோடதுதான் அன்னைக்கே சபைக்கு முன்னால ஓடி முடிஞ்சுபோச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மூணு மணி இருக்கும். முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கேன், கனி வாரா. வந்து கதவைச் சாத்துதா. முழங்கால் வலின்னு கோயில்ல ஜெபத்துக்குக்கூட முழங்கால் போடாம உக்காந்திருக்கிறவ, என் முன்னால, இந்தத் தரையில முழங்கால் போட்டா. நான் பதறிட்டேன். என்னளா ஆச்சு, எந்திரின்னு தூக்கப் போறேன்.

'பாக்கியம், அன்னைக்கு ஐயர்கிட்டச் சொன்னது நான்தான்'னா.

எனக்கு முதல்ல விளங்கல. 'எதை?'ன்னேன்.

'கயிறு கட்டினதை.'

கையில கீரை அப்படியே இருக்கு. அவ முகத்தையே பாக்குதேன். எனக்கு அழுகையும் வரல, கோபமும் வரல. 'எதுக்குளா சொன்ன?'ன்னேன்.

அவ என்ன சொன்னான்னு நினைக்கிய? 'அதுக்கு முந்தின மாசம் ஓய்வுநாள் பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்துல என் மவளுக்கு மரியாள் வேஷம் கேட்டேன். நீ அவளை ஆடா ஆக்கி மந்தையோட நிறுத்திட்ட. எனக்கு மனசுக்குள்ள அது இருந்துது'ன்னா.

ஆடு ஐயரம்மா! அந்தப் பிள்ளைக்கு மேடை ஏறினா வாய் குழறும். நான் என்ன செய்ய? அதுக்காகவா? ஒரு வேஷத்துக்காகவா என்னை ஒரு வருஷம் கடைசிப் பெஞ்சுல உக்கார வச்சா? அதுக்காகவா நான் இருபத்திநாலு வருஷம் ஒருத்தி முகத்துல முழிக்காம இருந்தேன்?

'மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுளா'ன்னு என் காலைப் பிடிக்கா. சொல்லிட்டேன் ஐயரம்மா. அதுதான் எனக்கு ஆறவே இல்ல. வீட்டுக்கு வந்தவிய கிளம்பும்போது போய்ட்டு வாங்கன்னு சொல்லுவோமே, அப்படி வாயில இருந்து தானா வந்துட்டு. உடனே எந்திரிச்சா, கண்ணைத் துடைச்சா, என்னைக் கட்டிப்பிடிச்சா. 'முப்பது வருஷப் பாரம் இறங்கிச்சு. இனிமே ஆண்டவரு இன்னைக்கே வந்தாலும் நான் ஆயத்தம்'னா. காப்பி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் போனா. போகும்போது நடையே வேற மாதிரி இருந்துது, சின்னப்பிள்ளை மாதிரி.

அவ பாரத்தை இறக்கிட்டா. இறக்கி எங்க வச்சா? என் நடுவீட்டுல வச்சுட்டுப் போயிட்டா. அவ ஆயத்தம். நான்?

அதோட விட்டாளா? அந்த ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ல எந்திரிச்சா. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, என் பேரைச் சொல்லி, முப்பது வருஷத்துக்கு முன்னால அருமைச் சகோதரி பாக்கியமணி பிள்ளையைத் தூக்கிட்டு மந்திரிக்கப் போனதுல இருந்து ஒண்ணுவிடாமச் சொன்னா. மரியாள் வேஷத்தை மட்டும் விட்டுட்டா, 'என் பொறாமையினால'ன்னு முடிச்சுட்டா. சபையே ஸ்தோத்திரம் சொல்லுது. அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதாவ. 'இப்படி ஒரு தாழ்மை யாருக்கு வரும்'னாவ. என் பக்கத்துல வந்து, 'கொடுத்து வச்சவிய, இப்படி ஒரு தோழி'ன்னாவ!

அந்த மந்திரிச்ச கதை யாருக்கு ஞாபகம் இருந்துது? தெரிஞ்சவிய பாதிப்பேர் செத்துட்டாவ. இப்ப சின்னஞ்சிறுசு எல்லாத்துக்கும் தெரியும். என் மருமவ வீட்டுக்கு வந்து, 'அத்தை, நீங்க கயிறெல்லாம் கட்டினியளாமே'ன்னு சிரிக்கா. சும்மாதான் சிரிச்சா, தப்பா இல்ல. ஐசக் சாப்பிடும்போது என்னை நிமிந்து பாக்கல. ஒருத்தியே என்னை ரெண்டு தடவை சபையில நிறுத்திட்டா ஐயரம்மா. முதல் தடவை கெட்டவளா, ரெண்டாவது தடவை நல்லவளா. ரெண்டு தடவையும் நின்னது நான்தான்.

அன்னையில இருந்து அவ கூடப் பேச்சு இல்ல. ராப்போஜனத்துக்கும் வாரதில்ல. இதுவரைக்கும் நான் சொன்னதுல என் மேல ஏதாவது தப்பு இருக்கா?

கப்பைக் கீழ வச்சுட்டியளே. சரி, மிச்சத்தையும் கேளுங்க. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. ஐசக்குக்குக்கூடத் தெரியாது.

ஒரு மாசம் கழிச்சு, பியூலாவைப் பாக்கப் பாளையங்கோட்டைக்குப் போனேன். அவ அம்மா குத்தமில்லாதவன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு, போய்ச் சொல்லணும்ல? நல்ல செய்தி கொண்டு போறவ மாதிரிதான் போனேன். அல்வா வாங்கினேன், ஒரு சீப்பு பழம் வாங்கினேன். அவ பள்ளிக்கூடத்துல இருந்து அப்பத்தான் வந்திருந்தா. என்னைப் பாத்ததும் திகைச்சுட்டா. உள்ள கூப்பிட்டு உக்காரவச்சு ஃபேனைப் போட்டா.

நான் சொன்னேன், 'பியூலா, உங்கம்மா அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. சொன்னது கனி. அவளே ஒத்துக்கிட்டா. உங்கம்மா மேல ஒரு குத்தமும் இல்ல.'

அவ குடிக்கத் தண்ணி கொண்டாந்து என் முன்னால வச்சா. 'எங்கம்மா மேல குத்தம் இல்லைன்னு எங்களுக்கு எப்பவுமே தெரியும் அத்தை. நீங்க மன்னிப்புக் கேக்க வந்தியளோன்னு நினைச்சேன்'னா.

எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. 'நான் எதுக்குக் கேக்கணும்? நான் ஏமாந்தவ. கேக்க வேண்டியது கனி'ன்னேன்.

அதுக்கு அவ ரொம்ப மெதுவா, 'சொன்னது யாருன்னு அம்மாவுக்குத் தெரியும் அத்தை'ன்னா.

'என்ன தெரியும்?'

'கனியத்தைதான் சொன்னாவன்னு. அந்த ஐயர் மாற்றலாகிப் போகும்போது, அவிய வீட்டு ஐயரம்மா வீடு வீடா வந்து போய்ட்டு வாரோம்னு சொல்லிக்கிட்டாவல்ல, அப்ப அம்மாகிட்ட மனசு கேக்காமச் சொல்லிட்டாவ. உன் மேல பழி நிக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு தங்கபாய், சொன்னது நீ இல்ல, கனின்னு.'

ரெண்டாவது வருஷமே தெரியும் ஐயரம்மா. அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பழியோடயே தண்ணி பிடிக்க வந்திருக்கா, போயிருக்கா.

'தெரிஞ்சா ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?'ன்னு கத்தினேன்.

பியூலா சொன்னா, 'நானும் கேட்டேன் அத்தை. அப்பத்தான் உங்களுக்கு அந்த ரெண்டாவது பிள்ளை வயித்துலயே ஏழு மாசத்துல தவறிப்போயிருந்துது. மாமா பம்பாயில. கனியத்தைதான் ஆஸ்பத்திரியில பத்து நாள் உங்க கூடக் கிடந்தாவ. அம்மா சொன்னா, பாக்கியத்துக்கு இப்ப ஒட்டி உக்காந்து அழ கனி ஒருத்திதான் இருக்கா, நான் போய் அதையும் பிடுங்கிட்டு வரவா, என் பேரு எப்படியும் கெட்டதுதானே, இருந்துட்டுப் போகட்டும்னு. பிறகு வருஷம் ஓடிப்போச்சு. சாகுறதுக்கு முன்னால உங்களைப் பாக்கணும்னு சொன்னாளே, அதுகூட இதைச் சொல்ல இல்ல. ஐசக் சின்னதுல எப்படிச் சிரிப்பான்னு உங்ககிட்டக் கேக்கணும், எனக்கு மறந்துபோச்சுன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தா.'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அப்ப உங்கம்மாவும் சேந்துதான் என்னை ஏமாத்திட்டா'ன்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். அல்வாவை மேசையில வச்சுட்டு பெத்த பிள்ளைகிட்டயே அவ அம்மாவைப் பத்தி அப்படிச் சொன்னேன்.

அவ கோபப்படல. பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. கூட்டத்துக்குள்ள ஏறி, ஜன்னலோரமா ஒரு இடம் பிடிச்சு என்னை உக்காரவச்சுட்டு இறங்கினா. பஸ் எடுக்கும்போது, 'இறங்கும்போது பாத்து இறங்குங்க அத்தை'ன்னா. நான் கெடுத்த கல்யாணத்தைப் பத்தி அவளுக்குத் தெரியும் ஐயரம்மா. அந்தப் பையனோட அம்மா அப்பவே அவகிட்டச் சொல்லிட்டாவ, சொல்லிட்டேன்னு எங்கிட்டயும் சொன்னாவ. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

நீங்க சின்னவிய, ஆனா படிச்சவிய. ஐயர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க. கனியோட கணக்கைப் பத்தி எனக்குப் பயம் இல்ல. அவ சொன்னது சொன்னதுதான், நான் பட்டது பட்டதுதான், அங்க போய் நான் தலை நிமிந்து சொல்லுவேன். ஐயா, என்னை ஏமாத்திட்டான்னு சொல்லுவேன். எத்தனையோ நாளா மனசுக்குள்ள வரிசையாச் சொல்லிப் பாத்து வச்சிருக்கேன், ஒரு இடத்துலகூடத் தடுமாறாது.

ஆனா அடுத்தாப்புல தங்கபாயைக் கூப்பிடுவாருல்ல? கூப்பிட்டு, 'இந்தப் பாக்கியமணி மேல உனக்கு என்ன குறை, சொல்லு'ன்னு கேப்பாருல்ல? அவ என்னைத் திரும்பிப் பாப்பா. பாத்துட்டு, 'ஒண்ணும் இல்ல ஆண்டவரே'ன்னு சொல்லிட்டா?

எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது அப்படிச் சொல்லிட்டா, நான் எங்க போய் நிப்பேன் ஐயரம்மா?